அத்தியாயம் 6: முதலில் அறையைக் கேளுங்கள்

ஹைதராபாத் நாச்சாரத்தில் முதலாளியோடு ஒத்துவரவில்லை என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். ஹப்சிகூடா வரை நடந்தால் பத்துச் சமையற்கட்டு, உப்பலுக்குப் பஸ் ஏறினால் இன்னும் பத்து. இரவு படுக்க வீடு இருக்கிறது. தீவில் அப்படி இல்லை. அந்தமானின் ஹேவ்லாக்கில் காலை பத்து மணிக்கு வேலையை விட்டவருக்குப் பதினொரு மணிக்கு அறையும் கிடையாது, மதியச் சோறும் கிடையாது. பிறகு போர்ட் பிளேருக்குப் படகு டிக்கெட் கிடைக்க வேண்டும். கடலும் அன்றைக்கு இடம் கொடுக்க வேண்டும்.

அதனால்தான் தீவு வேலையில் சம்பளத்தை நான்காவது கேள்வியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். தங்கும் அறை எப்படி, மழைக்காலத்தில் என்ன ஏற்பாடு, திரும்பி வரும் செலவு யாருடையது என்ற மூன்றுக்கும் தெளிவான பதில் வந்த பிறகு சம்பளத்துக்கு வாருங்கள். போனவர்கள் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கித்தான் சிக்கிக்கொண்டார்கள். நல்ல சம்பளத்துக்குப் போய், எட்டுப் பேர் படுக்கும் தகரக் கொட்டகையில் இரண்டு மாதம் தாக்குப்பிடித்து, கடன் வாங்கி விமானம் ஏறி வந்த ஒரு தோசை மாஸ்டரை எனக்குத் தெரியும். சம்பளம் ஒழுங்காகத்தான் வந்தது என்று அவரே சொல்கிறார்.

எந்தத் தீவு?

நம் பகுதியிலிருந்து சமையற்கட்டு வேலைக்குப் போக நடைமுறையில் இரண்டு தீவுக்கூட்டங்கள்தான் உண்டு: அந்தமான், மாலத்தீவு. லட்சத்தீவுக்குள் நுழையவே அனுமதிச் சீட்டு வேண்டும், அங்கே வேலையும் குறைவு. இந்த இரண்டில் முதலில் அந்தமான் என்பதே என் கருத்து. பாஸ்போர்ட் வேண்டாம், ஏஜென்ட் வேண்டாம், ரூபாயில் சம்பளம், நம் சட்டம், நம் போலீஸ். ஏமாந்தாலும் ஏமாற்றத்துக்கு ஓர் எல்லை இருக்கும். ஒரு சீசன் அங்கே தேறியவர் பிறகு மாலத்தீவைப் பற்றி யோசிக்கலாம்.

மொழியும் அந்தமானில் நம் பக்கம்தான். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி அங்கே இருந்தவர்கள் சுமார் 3,80,000 பேர். அவர்களில் வங்காளம் பேசுகிறவர்கள் 28.5 சதவீதம், இந்தி 19.3, தமிழ் 15.2, தெலுங்கு 13.2. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, சமையற்கட்டில் இந்தி என்று நாச்சாரத்தில் வளர்ந்தவர், அந்தத் தீவுகளில் ஏறக்குறைய பாதிப் பேரோடு அவரவர் தாய்மொழியிலேயே பேசிவிடலாம். சென்னையிலிருந்து வருகிறவருக்குக்கூட இந்த வசதி இல்லை. முதலாளியிடம் பேசும்போது இந்த மூன்று மொழியையும் ஒரு தகுதியாகச் சொல்லுங்கள், அடக்கம் வேண்டாம்.

இடப்பெயர்களில் குழம்ப வேண்டாம். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்தார்கள். ஹேவ்லாக் தீவும் நீல் தீவும் 2018 டிசம்பரில் ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் ஆயின. டிக்கெட்டில் புதுப்பெயர் இருக்கும், ஆட்கள் வாயில் பழைய பெயர் இருக்கும். இரண்டும் ஒரே இடம் என்று தெரியாமல் படகுத் துறையில் தவித்தவர்கள் உண்டு.

கையில் என்ன இருக்க வேண்டும்

ஹைதராபாத் சமையற்கட்டில் வேலையைக் கூறுபோட்டிருக்கிறார்கள். தந்தூர் ஒருவர், சைனீஸ் ஒருவர், டிபன் ஒருவர், பிரியாணிக்குத் தனி மாஸ்டர். ஒருவர் இன்னொருவரின் அடுப்பைத் தொடுவதில்லை. தீவில் சிறிய கடைகளில் மொத்தமே மூன்று நான்கு பேர்தான் சமைப்பார்கள். வெளியூரிலிருந்து வரவழைக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் அறை தேட வேண்டும் என்பதால், ஒரே கைத்தொழில் தெரிந்தவரைவிட இரண்டு அடுப்பு பார்க்கிறவரைத்தான் முதலாளி விரும்புவார். நீங்கள் தோசை மாஸ்டராக இருந்தால் போவதற்கு முன் மூன்று மாதம் சைனீஸ் கற்றுக்கொள்ளுங்கள். சப்ளையராக இருந்தால் டீ, காபி, ஜூஸ் போடவும் பில் மெஷினைத் தட்டவும் பழகுங்கள். கிளீனராகப் போகிறவரும் காய் நறுக்கும் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போனால் இரண்டாவது மாதமே அடுப்புப் பக்கம் இழுத்துக்கொள்வார்கள்.

ஹைதராபாத் என்றதும் எல்லாரும் பிரியாணி கேட்பார்கள். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் ஊர் முறை பச்சைக் கறியை மசாலாவில் ஊறவைத்து அரிசியோடு சேர்த்துத் தம் போடுவது. பெரிய தேக்சாவில், நிறையக் கூட்டத்துக்குச் செய்தால்தான் அது கட்டுப்படியாகும். தீவில் ஆட்டுக்கறி விலை அதிகம், ஒரு நேரத்துக்கு இருபது பிளேட் போனாலே பெரிது. அங்கே உதவுவது கோழிப் பிரியாணியைச் சிறு பாத்திரத்தில் பிசகாமல் எடுக்கும் கை. மீனைச் செதில் நீக்கி, துண்டு போட்டு, சுட்டுப் பொரித்துக் கொடுக்கத் தெரிவது அதைவிட முக்கியம். நாச்சாரத்தில் இருந்துகொண்டு கடல்மீன் பழகுவது சிரமம்தான். ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தையில் வெட்டுகிறவர் பக்கத்தில் நின்று பார்ப்பது இலவசம். நாலு ஞாயிறு நின்றால் கத்தியை எந்தச் சாய்வில் பிடிப்பது என்பது புரிந்துவிடும்.

முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்கு இடம் பக்கத்திலேயே இருக்கிறது. வித்யாநகரில் மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனம் இருக்கிறது, தார்நாகா வழியாகப் போனால் பெரிய தூரமில்லை. அங்கே பட்டப்படிப்பு மட்டும்தான் என்று பலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். சமையலுக்கும் பரிமாறுதலுக்கும் குறுகிய காலக் கைத்தொழில் படிப்புகள் இம்மாதிரி நிறுவனங்களில் உண்டு. சுற்றுலா அமைச்சகம் 2009-இல் தொடங்கிய ‘ஹுனர் சே ரோஸ்கார் தக்’ திட்டம் எட்டாம் வகுப்பு முடித்த, 18 முதல் 28 வயதுக்காரர்களுக்காக வந்தது. சமையலுக்கு 8 வாரம், பரிமாறுதலுக்கு 6 வாரம், கட்டணம் இல்லை. இப்போது எந்த வகுப்பு எந்த மாதம் நடக்கிறது என்று நேரில் போய் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு வாருங்கள். சான்றிதழ் பெரிய ரிசார்ட்டுகளில்தான் எடுபடும். சிறிய கடையில் அதை யாரும் கேட்க மாட்டார்கள், ‘ஒரு ஆம்லெட் போட்டுக் காட்டு’ என்பார்கள்.

காகிதங்களில் நம் ஆட்கள் கோட்டைவிடும் இடம் அனுபவக் கடிதம். ஐந்து வருடம் ஒரே டிபன் சென்டரில் வேலை பார்த்திருப்பார், ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. வேலையில் இருக்கும்போதே முதலாளி நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு மாலையில் கடையின் லெட்டர்ஹெட்டில் நான்கு வரி வாங்கிவிடுங்கள்: எந்த மாதத்திலிருந்து, எந்த வேலை. சம்பளம் வங்கிக் கணக்கில் வந்திருந்தால் அதுவே சாட்சி. பி.எஃப். பிடித்திருந்தால் யு.ஏ.என். எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், புதிய இடத்திலும் அதே எண்தான் தொடர வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011 விதிமுறைப்படி உணவைக் கையாளுகிறவருக்கு வருடம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும். பதிவு பெற்ற மருத்துவரிடம் அந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்து டைஃபாய்டு தடுப்பூசியும் போட்டுக்கொண்டு போனால், போன அன்றே அடுப்படியில் நிற்கலாம். வெளியூர் ஆட்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் கேட்பார்கள். ஆதார் நகல் ஐந்து, பாஸ்போர்ட் அளவுப் படம் பத்து கையில் இருக்கட்டும்.

எப்போது, யாரைக் கேட்டு

அக்டோபரிலிருந்து மே வரை சீசன். முதல் அலை துர்கா பூஜை விடுமுறையில் வரும் வங்காளக் குடும்பங்கள். பிறகு தீபாவளி, அதன் பிறகு கிறிஸ்துமஸும் புத்தாண்டும், கடைசியில் கோடை விடுமுறை. மத்திய அரசு ஊழியர்களுக்கு எல்.டி.சி. எனும் விடுப்புப் பயணச் சலுகையில் விமானத்தில் அந்தமான் போக அனுமதி இருப்பதால் நடுத்தரக் குடும்பக் கூட்டம் எப்போதும் உண்டு. மெனுவில் மீன் தாலியும் சைவ தாலியும் அடுத்தடுத்து இருப்பதற்கு இதுவே காரணம். முதலாளிகள் ஆள் தேடுவது ஆகஸ்ட், செப்டம்பரில். செப்டம்பர் பாதியில் போய் நிற்பவருக்கு வாசல் திறந்திருக்கும். ஜனவரியில் போகிறவருக்கு ஓடிப்போன ஆளின் இடம் கிடைக்கலாம். அவர் ஏன் ஓடினார் என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

வேலை கிடைப்பது பெரும்பாலும் மாஸ்டர்கள் வழியாக. ஒரு மாஸ்டர் தன் செட்டோடு போவார், அவருக்குத் தெரிந்த சப்ளையர், அந்தச் சப்ளையரின் மச்சான் என்று சங்கிலி நீளும். அந்தச் சங்கிலி உங்களுக்கு இல்லையென்றால் நேரில் போவதுதான் வழி. போர்ட் பிளேரில் அபர்தீன் பஜாரைச் சுற்றியும் ஃபீனிக்ஸ் பே துறைக்குப் போகும் வழியிலும் இருக்கும் கடைகளில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல், மதியக் கூட்டம் வடிந்ததும் போய்க் கேளுங்கள். பன்னிரண்டு மணிக்குப் போய்க் கேட்பவருக்கு வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று முதலாளி அப்போதே முடிவுகட்டிவிடுவார். வெற்றிமலை முருகன் கோவிலில் வெள்ளிக்கிழமை மாலை நின்றால் தமிழ்க் குரல் கேட்கும். எந்தக் கடையில் ஆள் இல்லை என்ற செய்தி அங்கேதான் முதலில் வரும். கோவிலில் வேலை கேட்கத் தயங்க வேண்டாம், முருகனுக்கும் தெரியும் நாம் எதற்கு வந்திருக்கிறோம் என்று.

ஹேவ்லாக் வேறு மாதிரி. விஜய்நகர், கோவிந்த்நகர், ராதாநகர் கடற்கரைகளை ஒட்டி விடுதிகளும் அவற்றோடு சேர்ந்த உணவகங்களும் வரிசையாக இருக்கின்றன. ராதாநகரில் தாஜ் குழுமத்தின் ரிசார்ட் 2018-இல் வந்தது. இப்படிப்பட்ட பெரிய இடங்கள் தலைமை அலுவலகம் வழியாக ஆள் எடுக்கும், அங்கே சான்றிதழும் ஆங்கிலமும் வேண்டும். முதல் சீசனுக்கு நான் போர்ட் பிளேரையே சொல்வேன். ஒரு கடை சரியில்லை என்றால் தெரு மாறினால் போதும், படகு மாற வேண்டியதில்லை.

போவதற்குச் சென்னையிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் கப்பல் இருக்கிறது. சென்னையிலிருந்து கடல்வழி சுமார் 1,190 கிலோமீட்டர், மூன்று நாள் பயணம். விசாகப்பட்டினத்துக் கப்பல் அடிக்கடி கிடையாது. ஹைதராபாத்திலிருந்து நேர் விமானம் உண்டு. சேரும் தேதி குறித்தவர் விமானத்தில் போவதே நல்லது, கப்பல் கால அட்டவணை தள்ளிப்போவது சகஜம். கப்பல் அனுபவத்தைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் பேசும் விதம்

போவதற்கு முன் போனில் பேசும் வாய்ப்புக் கிடைத்தால் பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

‘அண்ணே, ஹைதராபாத் நாச்சாரத்துல இருந்து பேசறேன். தோசையும் சைனீஸும் பாப்பேன். நாலு வருஷம் ஆச்சு.’

‘நல்லது தம்பி, உடனே கிளம்பி வா. ரூம், சாப்பாடு எல்லாம் இருக்கு.’

இங்கே போனை வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். ‘எல்லாம் இருக்கு’ என்பது பதிலே அல்ல. தொடருங்கள்.

‘ரூம்ல எத்தனை பேருண்ணே? கடையிலிருந்து எவ்வளவு தூரம்?’

‘ஒரு அஞ்சாறு பேரு இருப்பாங்க.’

‘கட்டிலா, தரையா? தண்ணி எப்பவும் வருமா?’

தண்ணீர்க் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மழை கொட்டும் தீவுதான், ஆனால் பிப்ரவரிக்கு மேல் கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு அங்கே பழைய கதை. இரவு பதினொரு மணிக்கு எண்ணெய்ப் பிசுக்கோடு வந்து குளிக்கத் தண்ணீர் இல்லையென்றால் எந்தச் சம்பளமும் இனிக்காது.

அடுத்தது: ‘மழைக்காலத்துல கடை ஓடுமாண்ணே? அப்ப சம்பளம் எப்படி?’ ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும், படகுகள் ரத்தாகும், பயணிகள் குறைவார்கள். சில கடைகள் பாதிச் சம்பளத்தில் ஆளை வைத்துக்கொள்ளும், சில ஊருக்கு அனுப்பிவிடும், சில பெயின்ட் அடிக்கச் சொல்லும். எதுவானாலும் முன்கூட்டியே தெரிய வேண்டும். பிறகு: ‘சீசன் முடிச்சுத் திரும்ப டிக்கெட் நீங்க போடுவீங்களா?’ எட்டு மாதம் முழுதாக நின்றால் திரும்பும் டிக்கெட் கடையுடையது என்பது கேட்கத் தகுந்த ஏற்பாடு. கேட்டால் கிடைக்காமல் போகலாம், கேட்காமல் நிச்சயம் கிடைக்காது. டிப்ஸ் டப்பாவை யார் திறந்து எப்படிப் பங்கு போடுகிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துக் கேளுங்கள்.

இப்போது சம்பளம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்கு மட்டும்தான், உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். நாச்சாரத்தில் மாதம் 20,000. வாடகைப் பங்கு, சாப்பாடு, போக்குவரத்து போக 12,000 மிஞ்சுகிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 1,44,000. தீவில் அறை, சாப்பாடு போக மாதம் 18,000, கைச்செலவு 2,000, மிச்சம் 16,000. எட்டு மாதத்தில் 1,28,000. போக வர 16,000 கழித்தால் 1,12,000. மீதி நான்கு மாதம் சும்மா இருந்தால் நாச்சாரமே மேல். அந்த நான்கு மாதமும் இங்கே வந்து பழைய வேலையைப் பார்த்தால் 48,000 சேர்ந்து 1,60,000 ஆகும். அப்போது தீவு ஜெயிக்கிறது. ஆக, தீவுச் சம்பளத்தின் லாபநஷ்டம் தீவில் முடிவாவதில்லை, ஜூன் மாதம் நாச்சாரத்தில் உங்களுக்கு ஓர் அடுப்பு காத்திருக்கிறதா என்பதில் முடிவாகிறது. பழைய முதலாளியிடம் முகத்தை முறித்துக்கொண்டு போகாதீர்கள். ஆஷாடத்தில் இங்கே கல்யாணம் கிடையாது. சிராவணம் பிறந்ததும் கேட்டரிங்காரர்கள் ஆளுக்கு அலைவார்கள், அந்தக் கணக்கையும் மனதில் வையுங்கள்.

பேசி முடித்ததைக் காகிதத்தில் வாங்குங்கள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கின்றன. சிறிய கடையில் அதைக் கேட்டால் சிரிக்கலாம். குறைந்தபட்சம் பேசிய விவரங்களை நீங்களே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, ‘சரிதானே அண்ணே?’ என்று கேட்டு, ‘சரி’ என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சண்டை வரும் நாளில் அந்த ஒரு சொல் உதவும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய ரிசார்ட்டுகளில் பரிமாறுதல், பேக்கரி, வரவேற்புப் பிரிவுகளில் பெண்களை எடுக்கிறார்கள். தனி அறைக் கட்டடம், இரவுப் பணி முடிந்தால் வண்டி, ஏற்கெனவே வேலை பார்க்கும் பெண் ஒருவரின் எண் ஆகிய மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதைக் கொடுக்கத் தயங்கும் இடத்துக்குப் போக வேண்டாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013 சட்டப்படி பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்விசாரணைக் குழு இருந்தாக வேண்டும். அதில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

கப்பலும் கடிகாரமும்

அந்தமான் நம்மைவிட வெகு கிழக்கே இருந்தும் கடிகாரம் ஒன்றுதான். அதனால் சூரியன் ஐந்து மணி வாக்கில் எழுந்து, குளிர்காலத்தில் மாலை ஐந்து மணி சுமாருக்கே விழுந்துவிடும். ஹைதராபாத்தில் இரவு பத்து மணிக்குத்தான் பிரியாணிக் கூட்டம் சூடுபிடிக்கும். அங்கே ஆறரைக்கே இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்கள். விடிகாலைப் படகுக்குப் போகிறவர்களுக்குப் பார்சல் கட்ட நான்கு மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டியிருக்கும். முதல் வாரம் உடம்பு தடுமாறும். செல்லுலார் சிறையில் மாலை ஒலி ஒளிக் காட்சி விட்டதும் ஒரே நேரத்தில் ஒரு கூட்டம் போர்ட் பிளேர் கடைகளுக்குள் நுழையும், சப்ளையர்கள் அதற்கு முன்பே சாப்பிட்டுவிட வேண்டும்.

வெங்காயம், உருளை, பருப்பு, உளுந்து எல்லாம் கப்பலில் வர வேண்டும். கப்பல் தாமதமானால் தக்காளி விலை ஏறும், மெனுவில் பாதி ‘இல்லை’ ஆகும். நல்ல மாஸ்டர் யார் என்பது அந்த நாட்களில்தான் தெரியும். தக்காளி இல்லாமல் புளியிலும் தேங்காயிலும் குழம்பை நிறுத்தத் தெரிந்தவரை முதலாளி அடுத்த சீசனுக்கும் கூப்பிடுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால் கோடைக் கூட்டத்தின்போது மீன் வரத்தும் குறையும். மாவு விஷயத்தில் டிபன் ஆட்கள் கவனமாக இருங்கள். நாச்சாரத்தின் டிசம்பர் குளிரில் இரவு முழுக்க வைத்தால்தான் பொங்கும் மாவு, அங்கே காற்றின் ஈரத்திலும் வெப்பத்திலும் சில மணி நேரத்தில் பொங்கி வழிந்து புளித்துப்போகும். கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். முதல் நாள் டிரையலில் புளித்த தோசை போட்டு வேலையை இழந்த அனுபவம் வேண்டாம்.

வீட்டோடு பேசுவதில் இப்போது குறையில்லை. சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் வந்தபிறகு வீடியோ அழைப்பும் பணம் அனுப்புவதும் எளிதாகிவிட்டது. பெரிய நோய்க்குப் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைதான். ஹேவ்லாக்கில் இருப்பவருக்கு இரவில் நெஞ்சுவலி என்றால் கடல் தாண்ட வேண்டும், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதை எண்ணிப் பாருங்கள். அரசுப் படகில் தீவுவாசிக்கு ஒரு கட்டணம், நமக்கு வேறு கட்டணம். விடுப்பு நாளில் பாராடாங் போகிறவர்கள் ஜாரவா பழங்குடியினரின் காட்டு வழியில் போனை வெளியே எடுக்கக் கூடாது. அது வழக்காகும், வேலையும் போகும்.

மாலத்தீவு

அந்தமானில் ஒன்றிரண்டு சீசன் முடித்தவருக்கு இந்தப் பகுதி. மாலத்தீவின் முதல் ரிசார்ட் 1972-இல் திறந்தது. ஒரு தீவு, ஒரு ரிசார்ட் என்பது அவர்கள் முறை. முதலாளியின் தீவிலேயே உறங்கி, முதலாளியின் படகிலேயே கரைக்கு வர வேண்டும் என்றால் அறையைப் பற்றி நான் சொன்னதெல்லாம் அங்கே எத்தனை மடங்கு என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். மக்கள் வாழும் தீவுகளிலும் கடந்த பதினைந்து வருடங்களுக்கும் மேலாக விருந்தினர் விடுதிகளும் அவற்றை ஒட்டிய உணவகங்களும் பெருகியிருக்கின்றன. ரிசார்ட்டில் மது உண்டு, மக்கள் வாழும் தீவில் கிடையாது. வெள்ளிக்கிழமைதான் அங்கே வார விடுமுறை.

சட்டம் காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. 2008 வேலைவாய்ப்புச் சட்டப்படி வாரம் 48 மணி நேரம், ஒரு வருடம் முடிந்தால் 30 நாள் சம்பளத்துடன் விடுப்பு. சுற்றுலா நிறுவனங்கள் வாங்கும் 10 சதவீதச் சேவைக் கட்டணத்தில் 99 சதவீதம் ஊழியர்களுக்குப் போக வேண்டும். நல்ல ரிசார்ட்டில் சீசன் மாதங்களில் இந்தப் பங்கு அடிப்படைச் சம்பளத்தையே தாண்டும். அதனால் அங்கே கேட்க வேண்டியது ‘சம்பளம் எவ்வளவு’ மட்டுமல்ல, ‘போன வருடம் சேவைக் கட்டணப் பங்கு மாதம் எவ்வளவு வந்தது, மழை மாதங்களில் எவ்வளவு’ என்பதும். 2022-இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாலத்தீவுக் குடிமக்களுக்கானது, நமக்கு ஒப்பந்தத்தில் எழுதியதே எல்லை.

சம்பளம் டாலரிலா, ருஃபியாவிலா என்பது இன்னொரு பெரிய கேள்வி. அரசு விலைக்கு ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா. அந்த விலைக்கு டாலர் கிடைப்பது அரிது, வெளிச்சந்தையில் அதிகம் கொடுக்க வேண்டும். ருஃபியாவில் வாங்குகிறவர் ஊருக்கு அனுப்பும்போது ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடும். வங்கி வழியாக அனுப்பவும் மாத உச்சவரம்பு இருக்கிறது, அது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் டாலர் என்று எழுதாத வேலைக்கு, உங்கள் கையில் வருவது சொன்னதைவிடக் குறைவு என்றே கணக்கிடுங்கள்.

ஏஜென்ட் விஷயத்தில் ஒரு நுணுக்கம். வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும், பத்தாம் வகுப்பு முடிக்காதவருக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும், அப்போது ஒப்பந்தத்தை அரசு ஒருமுறை பார்க்கும். அந்தப் பட்டியலில் மாலத்தீவு இல்லை. சுலபம் என்று ஏஜென்ட் சொல்வது இதைத்தான். உங்கள் காகிதத்தை யாரும் பார்க்கப்போவதில்லை என்பதே அதன் பொருள். அதனால் நீங்களே பாருங்கள். ஏஜென்ட் 1983 குடிபெயர்வுச் சட்டத்தில் பதிவு செய்தவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் தேடலாம். அவர் வாங்கக்கூடிய அதிகபட்சம் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், ஆக 35,400, ரசீதோடு. நம் பக்கம் தெலங்கானா அரசின் வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமான டாம்காம் மல்லேபல்லி ஐ.டி.ஐ. வளாகத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு முகவரி உள்ளவர்கள் சென்னையில் 1978 முதல் இயங்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் கேட்கலாம். அங்கே சமையற்கட்டு வேலை எப்போதும் இருக்காது, பதிவு செய்து காத்திருக்க வேண்டும்.

ஏஜென்ட் சொல்லும் ஒரு வாக்கியத்தை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: ‘டூரிஸ்ட் விசாவுல போயிடு தம்பி, அங்க போய் மாத்திக்கலாம்.’ இந்தியருக்கு மாலேயில் இறங்கியதும் சுற்றுலா விசா இலவசம் என்பதால் இது நம்பும்படி இருக்கும். அதில் வேலை செய்வது குற்றம். வேலை அனுமதியை உங்கள் பெயரில் முதலாளிதான் அங்கே எடுக்க வேண்டும், நீங்கள் விமானம் ஏறும் முன்பே அது வந்திருக்க வேண்டும். அந்த அனுமதியின் நகலில் உங்கள் பாஸ்போர்ட் எண், முதலாளி பெயர், வேலையின் பெயர் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘சமையல்காரர்’ என்று பேசிவிட்டுக் காகிதத்தில் ‘கூலி’ என்று எழுதியிருந்தால் அங்கே போய்த் திருத்துவது நடக்காத காரியம். சந்தேகம் இருந்தால் பாஸ்போர்ட்டை ஏஜென்ட் மேசையிலிருந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணமில்லா எண் 1800 11 3090-க்குப் பேசுங்கள். பேசி முடியும்வரை ஏஜென்ட் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார், எடுக்க வேண்டாம்.